‘அனுப்பி வைக்கப்படுவார்’: யாரால்?

வைகைக்கரை ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு ஆண்டுகளாக ஒரு மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பான உறுப்பினராக இருக்கிறேன். மருத்துவமும் சட்டமும் படிக்காத ஒருவர் குழுவில் இருந்தாக வேண்டும் என்பது விதி. பங்கேற்பாளர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் தமிழ் அவர்களுக்குப் புரியுமா என்று பார்ப்பதுதான் அங்கே என் முக்கிய வேலை.

இப்போது எங்கள் முன் வந்திருப்பது, எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் மருந்து ஒன்றை ஊசியாகப் போட்டுப் பார்க்கும் ஆய்வு. நடத்துபவர் பெயரையும் மருந்தின் பெயரையும் நான் சொல்லக் கூடாது. தொற்று இல்லாத, ஆனால் தொற்று வரும் வாய்ப்பு அதிகம் உள்ள ஆண்களும் பெண்களும் இதில் சேர்வார்கள். படிவம் 19 பக்கம். பதினான்காம் பக்கத்தில் இந்த வரி இருக்கிறது:

“ஆய்வுக் காலத்தில் பங்கேற்பாளருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டால், உரிய சிகிச்சைக்காக அருகிலுள்ள அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பி வைக்கப்படுவார்.”

ஏ.ஆர்.டி. மையம் என்பது எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுக்கும் இடம். வரியில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘பாடம் நடத்தப்பட்டது’ என்று எழுதும் மாணவரிடம் ‘யாரால்?’ என்று கேட்டே பழகியவள் நான். இங்கும் அதையே கேட்கத் தோன்றியது. யார் அனுப்புவார்? கூட வருவாரா, சீட்டு மட்டும் கொடுப்பாரா? போய்ச் சேர்ந்தாரா என்று யார் பார்ப்பார்? அதே படிவத்தின் ஆறாம் பக்கத்தில் ‘ஆய்வுச் செவிலியர் உங்கள் கையிலிருந்து 20 மில்லி இரத்தம் எடுப்பார்’ என்று இருக்கிறது. எடுக்கும் இடத்தில் எழுவாய் தெளிவாக நிற்கிறது. கொடுக்கும் இடத்தில் காணவில்லை.

கூட்டத்தில் கேட்டேன். மூன்று பதில்கள் வந்தன. தொற்று மருந்தால் வருவதில்லை, அவரவர் வாழ்க்கையால் வருகிறது. அரசு மருந்து இலவசமாகக் கிடைக்கும்போது ஆய்வு ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்? அளவுக்கு மீறிக் கொடுத்தால், அதற்காகவே ஆட்கள் சேர்வார்கள்.

மூன்றும் நியாயமாகத்தான் ஒலிக்கின்றன. ஆனாலும் வீட்டுக்கு வந்து தூங்க முடியவில்லை. இப்படிப்பட்ட ஆய்வில் சிலருக்காவது தொற்று வந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும் என்பதை இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். அந்தச் சிலருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம்? மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்? அடுத்த கூட்டம் 12 நாளில். அந்த வரியை எப்படி மாற்றச் சொல்வது?


முன்னாள் ஆலோசகர்:

அம்மா, வணக்கம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பதினோரு ஆண்டும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஏழு ஆண்டும் ஆலோசகராக வேலை பார்த்தேன். ‘அனுப்பி வைக்கப்படுவார்’ என்பது எங்கள் மேசைக்கு எந்த உருவில் வந்து சேரும் என்று சொல்கிறேன்: கால் தாள் அளவில் ஒரு சீட்டு. பெயர், வயது, ‘மேல்சிகிச்சைக்கு’ என்று ஒரு வரி, முத்திரை.

ஓர் இளைஞர் நினைவுக்கு வருகிறார். ஏதோ ஓர் ஆய்வில் இருந்தவர். எது, எங்கே என்பது வேண்டாம். சீட்டில் இருந்த தேதிக்கும் அவர் எங்களிடம் வந்த நாளுக்கும் இடையில் ஏழு மாதம். பணப்பையில் வாக்காளர் அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடத்தில் முத்திரை அழிந்திருந்தது. “ஏன் தம்பி இவ்வளவு நாள்?” என்று கேட்டேன். மருத்துவமனை வாசலுக்கு எதிர் டீக்கடையில் அவருடைய சித்தப்பா வேலை செய்கிறார். மூன்று முறை பஸ் ஏறி வந்து, நிறுத்தத்தில் இறங்காமலேயே போயிருக்கிறார். நீங்கள் காட்டிய வரியில் ‘அருகிலுள்ள’ என்ற சொல்லையும் பாருங்கள். அதை எழுதியவர் வசதி என்று நினைத்து எழுதியிருப்பார். அந்தத் தம்பியைத் தடுத்ததே அந்த அருகாமைதான். அடுத்த மாவட்ட மையத்துக்கு மாற்றிக் கொடுத்தோம். அதன் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

இலவச மருந்து இருக்கிறதே என்று உங்கள் குழுவில் சொன்னது உண்மை. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில், நோயை எதிர்க்கும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. தொற்று வந்தவர் அந்த நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆய்வு மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கும்; யாரைப் பிடித்துக் கேட்பது என்ற கேள்விக்கே விடை இருக்காது. 2017 முதல் நிலைமை மாறிவிட்டது. தொற்று தெரிந்தவுடன் மருந்து தொடங்க வேண்டும். ஆகவே இன்று மருந்து தேவைப்படும் நாளில் ஆய்வுக் குழு அதே ஊரில், அதே கட்டடத்தில் இருக்கிறது. உடன் நிற்க முடியாது என்று சொல்ல இப்போது காரணம் இல்லை.

மருத்துவம் சார்ந்த ஒன்றும் இருக்கிறது, இதைக் குழுவில் கட்டாயம் கேளுங்கள். நீண்ட காலம் உடலில் தங்கும் தடுப்பு மருந்து போட்டவருக்குத் தொற்று வந்தால், வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் வழக்கமான பரிசோதனையில் அது சீக்கிரம் தெரியாமல் போகலாம். கபோடெகிராவிர் என்ற அத்தகைய தடுப்பு மருந்து ஊசியின் ஆய்வுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடினால்தான் பிடிபடும். இப்போது நினைத்துப் பாருங்கள். ஆய்வுக்கூடம் ‘தொற்று உண்டு’ என்கிறது. சீட்டோடு அரசு மையத்துக்குப் போனால், அங்கே முதலிலிருந்து பரிசோதித்து ‘தொற்று இல்லை’ என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. யாரை நம்புவார் அந்த மனிதர்? இல்லை என்று சொன்னவரைத்தான் நம்புவார், யாராக இருந்தாலும் அப்படித்தான்.

மருந்து எதிர்ப்புப் பிரச்சினையும் உண்டு. அரசு மையத்தில் இன்று முதலில் கொடுப்பது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை. கபோடெகிராவிரும் டோலுடெகிராவிரும் ஒரே குடும்பம். தடுப்பு மருந்து உடலில் இருக்கும்போதே நுழைந்த வைரஸ் அந்தக் குடும்பத்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றிருக்கிறதா என்று பார்க்காமல் சிகிச்சை தொடங்குவது சரியில்லை. அந்தப் பரிசோதனை எங்கள் மையத்தில் முதல் நாளில் செய்வதில்லை. ஆய்வுக் குழுதான் செய்து, அறிக்கையைக் கையில் கொடுக்க வேண்டும்.

தடுப்பூசி என்பது வேறு; அது வைரஸை எதிர்க்க உடலையே பழக்குவது. அந்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறு நடக்கும். 2006இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 32 தன்னார்வலர்களுடன் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வு ஒன்று நடந்தது. இத்தகைய தடுப்பூசி போட்டவருக்குத் தொற்றே இல்லாமல் எதிர்ப்பொருள் உருவாகி, பரிசோதனையில் ‘உண்டு’ என்று வரக்கூடும். வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது அவர் கையில் விளக்கக் கடிதம் இல்லாவிட்டால் வாழ்க்கையே தடம் மாறிவிடும். எந்த ஆய்வாக இருந்தாலும் பங்கேற்பாளர் கையில் கடிதமும், அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதரும் இருக்க வேண்டும் என்பேன்.


மருத்துவர் ஒருவர்:

அம்மா, உங்கள் குழுவில் அந்த மூன்று பதில்களைச் சொன்னவரைப் போன்ற நிலையில் இருப்பவன் நான். மருத்துவ ஆய்வு நடத்துகிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள் ஆய்வினால் விளைந்த பாதிப்புக்குச் சிகிச்சையும் இழப்பீடும் கேட்கின்றன. அதை நாங்கள் மறுப்பதில்லை. ஆணுறை கொடுத்து, ஒவ்வொரு வருகையிலும் ஆலோசனை சொல்லி, பாலியல் நோய்களுக்குச் சிகிச்சையும் கொடுத்த பிறகு வரும் தொற்றை ஆய்வின் பாதிப்பு என்று எப்படிச் சொல்வது? அதே தெருவில் ஆய்வில் சேராத ஒருவருக்கும் அதே மாதம் தொற்று வருகிறது. அவர் அரசு மையத்தில் வரிசையில் நிற்க, இவருக்கு மட்டும் தனி வழியா? வாழ்நாள் முழுவதும் என்று எழுதினால் எந்த நிதி நிறுவனமும் கையெழுத்திடாது. அப்படி எழுத வைத்து ஆய்வே நடக்காமல் போனால் இழப்பு யாருக்கு?

முந்தைய பதிவில் ஆலோசகர் சொன்ன ஆர்.என்.ஏ. அறிக்கை, எதிர்ப்புப் பரிசோதனை ஆகியவற்றை முழு மனத்துடன் ஏற்கிறேன். அவை மருத்துவத் தேவை. அதற்கு மேல் கேட்பதில்தான் எனக்குத் தயக்கம்.


டர்பனில் ஆறு ஆண்டு:

தஞ்சாவூர்க்காரன் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆறு ஆண்டுகள் எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளில் தரவு மேலாளராக இருந்தேன். மருத்துவர் ஐயா கேட்ட கேள்விகளை நானும் அங்கே போன புதிதில் கேட்டவன்தான். பிறகு என் எண்ணம் மாறியது.

‘ஆய்வினால் வந்த தொற்று இல்லை’ என்று தொடங்கும்போதே சொல்லிவிட முடியாது என்பதை டர்பனில் எல்லோரும் அறிவார்கள். 1996க்கும் 2000க்கும் இடையில் பெனின், ஐவரி கோஸ்ட், தாய்லாந்து, தென்னாப்பிரிக்கா நாடுகளில் 892 பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் நோனாக்சினால்-9 என்ற ஜெல்லைச் சோதித்தார்கள். தொற்றைத் தடுக்கும் என்று நம்பினார்கள். 2000 ஜூலையில் டர்பன் உலக எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வந்தது. இறுதிக் கணக்கில், அந்த ஜெல் பயன்படுத்தியவர்களில் 59 பேருக்கும், மருந்தில்லாத ஜெல் பெற்றவர்களில் 45 பேருக்கும் தொற்று. அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது. தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. வந்தது 2004இல்தான். அந்த 59 பேரில் யாருக்கு ஜெல்லால் வந்தது, யாருக்கு எப்படியும் வந்திருக்கும் என்று எந்தத் தரவு மேலாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாத நிலையில், எல்லோரையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது.

‘அதிகம் கேட்டால் ஆய்வே நடக்காது’ என்ற கவலைக்கு வருகிறேன். நடந்தது எதிர்த்திசையில். 2004இல் கம்போடியாவில் 960 பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் டெனோபோவிர் மாத்திரையைத் தடுப்பு மருந்தாகச் சோதிக்கத் திட்டமிட்டார்கள். பக்கவிளைவு வந்தால் ஆய்வு முடிந்த பிறகும் யார் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்களின் அமைப்பு கேட்டது. நீண்ட காலக் காப்பீடு வேண்டும் என்றது. மனநிறைவான பதில் கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் பாங்காக் மாநாட்டில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வை நிறுத்தினார். அடுத்த பிப்ரவரியில் கேமரூனின் டுவாலா நகரில் 400 பெண்கள் பங்கேற்ற இதே மருந்தின் ஆய்வும் நின்றது. அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று, அம்மா கேட்கும் இதே கேள்வி: தொற்று வருகிற பெண்ணுக்கு மருந்து யார் கொடுப்பது?

2010இல் ஐப்ரெக்ஸ் என்ற வேறோர் ஆய்வு, டெனோபோவிரை எம்ட்ரிசிடாபினுடன் சேர்த்துக் கொடுத்தால் தொற்று குறைகிறது என்று காட்டியது. அதில் சேர்ந்தவர்கள் ஆண்களும் திருநங்கைகளும். கம்போடியப் பெண்கள் கேட்டபோதே எழுத்தில் பதில் கொடுத்திருந்தால், பெண்களுக்கான விடை எவ்வளவு முன்னால் கிடைத்திருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

பிறகு உலகம் கற்றுக்கொண்டது. 2007இல் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டி, ஆய்வின்போது தொற்று பெறுபவருக்கு உலக அளவில் சிறந்தவை என ஏற்கப்பட்ட சிகிச்சை முறைகளில் ஒன்று கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்களுடன் நடந்த ‘வாய்ஸ்’ ஆய்வில் தொற்று பெற்றவர்களைத் தொடர்ந்து கவனிக்கத் தனியாக இன்னோர் ஆய்வே இருந்தது. எங்கள் மையத்தில் ஒரு செவிலியர், தொற்று தெரிந்த பெண்ணை முதல் முறை அரசு கிளினிக்குக்குத் தானே டாக்ஸியில் அழைத்துப் போவார். டாக்ஸி என்றால் அங்கே பதினைந்து பேர் நெருக்கி உட்காரும் வேன். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பதால் வழி முழுவதும் தேவாலயப் பாடல்களைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்களாம்.

எண்ணிக்கையையும் பாருங்கள் ஐயா. 2024இல் எல்லோரும் கொண்டாடிய, லெனகாபாவிர் என்ற தடுப்பு மருந்து ஊசியின் ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,338 இளம்பெண்கள். ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. உலகமே எழுந்து நின்று கைதட்டியது, நானும் கண் கலங்கினேன். மாத்திரை பெற்ற இரு குழுக்களில் 39 பேருக்கும் 16 பேருக்கும் தொற்று வந்தது. மொத்தம் 55 பெண்கள், நூற்றுக்கு ஒருவர். ஆயிரக்கணக்கானோருக்கு இரண்டு ஆண்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கும் செலவோடு ஒப்பிட்டால், அந்த 55 பேரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் செலவு எந்த நிதி நிறுவனத்தையும் முறித்துவிடாது. அந்த ஊசி எவ்வளவு தடுத்தது என்று கணக்கிட, மருந்தே இல்லாவிட்டால் எவ்வளவு தொற்று வந்திருக்கும் என்று தெரிய வேண்டும்; அதற்குச் சேர்வதற்கு முன் பரிசோதித்த 8,094 பேரின் முடிவுகளும் தேவைப்பட்டன. வாசலிலேயே தொற்று தெரிந்து சேர முடியாமல் திரும்பிய பெண்களும் அந்த விடைக்கு இரத்தம் கொடுத்தவர்கள். அம்மா, உங்கள் படிவத்தில் அவர்களைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா?

தெருவில் இருக்கும் மற்றவருக்கு அநீதி என்கிறீர்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே. இவரிடம் நாம் கேட்டு வாங்கியது அதிகம், அதனால் இவருடன் கூடுதலாக நான்கு அடி நடக்கிறோம்.


2008 முதல் மாத்திரை:

நான் ஆய்வில் இருந்தவள் இல்லை. சேலம் பக்கம். 2008 முதல் மாத்திரை சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன், மகள் கல்லூரி முடித்துவிட்டாள். படித்தவர்கள் நிறையச் சொல்லிவிட்டீர்கள். டீச்சரம்மாவுக்கு இரண்டு விஷயம் மட்டும்.

எனக்கு முடிவு சொன்னது வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு. அடுத்த இரண்டு நாள் மையம் விடுமுறை. அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத மாட்டேன். ஆய்வு நடத்துபவர்கள் தேதி குறித்துத்தானே கூப்பிடுகிறார்கள்? விடுமுறைக்கு முந்தின நாள் இந்த முடிவைச் சொல்லக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். இரவிலும் எடுக்கிற ஒரு கைப்பேசி எண் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்காரரிடம் சொல்லும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும். எனக்கு ஆலோசகர் அக்கா வந்தார். அவர் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. தண்ணீர் கேட்டார், குடித்தார், உட்கார்ந்திருந்தார். அவர் இருந்ததால் அன்று கை ஓங்கப்படவில்லை. மருந்து கொடுப்பதை மட்டும் சிகிச்சை என்று எழுதினால் இது அதில் வராது.


வைகைக்கரை ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. சேலத்துச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. டர்பன் தம்பி கேட்டதற்காகப் படிவத்தைத் திரும்பப் பார்த்தேன். சேர்வதற்கு முந்தைய பரிசோதனையில் தொற்று தெரிந்தால் ‘நீங்கள் இந்த ஆய்வில் பங்கேற்க இயலாது’ என்பதோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

மருத்துவர் ஐயா, வாழ்நாள் முழுவதும் என்று நான் கேட்கப் போவதில்லை. மருந்தை அரசு கொடுக்கட்டும். அங்கே போய்ச் சேரும் வரைக்கும், சேர்ந்து கால் ஊன்றும் வரைக்கும் ஆய்வு கூட வர வேண்டும். வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தது உறுதியாகும் வரை என்று எல்லை வைக்கலாமா என்று ஆலோசகரிடம் தனியாகக் கேட்டேன். பொருத்தமான எல்லை என்றார்.

நேற்றிரவு எழுதியது இது:

“ஆய்வுக் காலத்தில், அல்லது சேர்வதற்கு முன் செய்யும் பரிசோதனையில், உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தால், ஆய்வு ஆலோசகர் அதை உங்களிடம் நேரில் சொல்வார். விடுமுறைக்கு முந்தின நாளில் அவர் அதைச் சொல்ல மாட்டார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்கு, நீங்கள் விரும்பினால், அவரே உங்களுடன் வருவார். ஆய்வு மருத்துவர் உங்கள் ஆர்.என்.ஏ. பரிசோதனை, மருந்து எதிர்ப்புப் பரிசோதனை ஆகியவற்றின் அறிக்கைகளைக் கையெழுத்திட்டு உங்களிடம் கொடுப்பார்; உங்கள் சம்மதத்துடன் அந்த மையத்தின் மருத்துவரிடம் பேசுவார். குடும்பத்தாரிடம் சொல்ல நீங்கள் விரும்பும் நாளில் ஆலோசகர் உடன் இருப்பார். உங்கள் இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்தது உறுதியாகும் வரை போக்குவரத்துச் செலவை ஆய்வு நிறுவனம் ஏற்கும்.”

எல்லா வாக்கியத்திலும் எழுவாய் வைத்துவிட்டேன். ஆலோசகர் ஐயா, ஆர்.என்.ஏ. அறிக்கை வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நாள் கணக்கையும் உள்ளே எழுத வேண்டும்.


முன்னாள் ஆலோசகர்:

ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறும் அம்மா. அதை அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள், கையெழுத்துடன். சகோதரி சொன்ன இரவு எண்ணையும் மறந்துவிடாதீர்கள். வரைவில் அது விடுபட்டிருக்கிறது.